வலது முனைப் பல்சக்கரம்

வண்டியை விற்கப்போவதை ரெங்கசாமி சுந்தரியிடம் சொல்லவில்லை. தொலைபேசியில் வேறு யாரிடமோ சொன்னார். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க. ஆனிங் ஒடஞ்சிருக்கு, மறைக்க ஒண்ணுமில்ல. புடிச்சிருந்தா அன்னைக்கே எடுத்துக்கிட்டுப் போயிடலாம்."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். யார் என்று கேட்டாள். ஃபாரூக் என்று ஒருவர், மீன்பிடிக்க மலேசியாப் பக்கம் அடிக்கடி போகிறவர், இப்படி ஒரு வண்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம் என்றார்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"வாங்கும்போது வேணாம்னு குதிச்சவ நீதானே. விக்கும்போது சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

குதித்தது உண்மைதான். ரெங்கசாமி முப்பத்துநான்கு வருடம் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பதினைந்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கித் தூக்கி இறக்கியவர். ஓய்வு பெற்றதும் எங்கேயாவது கோயில் குளம் என்று போவார் என்று பார்த்தால், உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்துக் கட்டிய ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். வீடு இருக்கும்போதே வீட்டுக்கு எதற்குச் சக்கரம் என்று சுந்தரி மூன்று நாள் பேசாமல் இருந்தாள். பெயர் சிவகாமசுந்தரி என்றாலும் பள்ளிக்கூட கேண்டீனில் இருபத்திரண்டு வருடம் கடை போட்டதில் எல்லோருக்கும் அவள் சுந்தரி ஆன்ட்டிதான். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து மாவரைத்து, ஆயிரம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கையை நீட்டுவதைப் பார்த்துப் பழகியவள். அவளுக்கு ஊர் சுற்றுவதெல்லாம் வேலையற்றவர் வேலை.

போன சனிக்கிழமை முதல் பயணம். எல்லை தாண்டி, மலேசியாவின் ஜொகூரில் தேசாரு கடற்கரை. இது சரிப்பட்டு வராது என்று நிரூபிப்பதற்காகவே அவள் கூடப் போனாள். வண்டியின் இடப்பக்கச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, நீளமாக ஒரு பெட்டி. அதன் ஒரு முனையில் ஒரு வளையம். நீண்ட கம்பியின் கொக்கியை அதில் மாட்டிச் சுற்றினால் உள்ளே சுருட்டி வைத்த துணி மெல்ல மெல்ல வெளியே வந்து விரியும். இரண்டு கால்களை இறக்கி ஊன்றினால் நிழல் தயார். எல்லோரும் அதை ஆனிங் என்றார்கள். சுந்தரிக்கு அது பந்தல்.

அந்தப் பந்தலுக்கடியில் மடக்கு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். எதிரே கடல். யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. நான்கு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று, அப்போதும் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்படி ஒரு உட்காருதல் உலகத்தில் இருக்கிறது என்று ஐம்பத்தொன்பது வயதில் அவளுக்குத் தெரிந்தது.

ரெங்கசாமி எழுந்து கம்பியைக் கையில் எடுத்தார். கடல்மேல் வானம் கறுத்து வருகிறது, மூடிவிடலாம் என்றார்.

"இன்னும் ஒரு பத்து நிமிஷம் இருங்க லா," என்றாள் அவள்.

அவர் வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கம்பியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

காற்று வந்தபோது பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பந்தலை அடியிலிருந்து தூக்கி வண்டிக் கூரைமேல் அறைந்தது. ஒரு கால் வளைந்தது. அவர் மழையில் நின்று கம்பியை மாட்டிச் சுற்றிய சுற்றெல்லாம் வெறும் சுற்றாகப் போயிற்று. உள்ளே எதுவோ வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் இருவருமாகத் துணியைக் கையால் சுருட்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். எப்படி உடைந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் ரெங்கசாமி ஒரே பதிலைச் சொன்னார். கொஞ்சம் கண்ணசந்துவிட்டாராம். பத்து நிமிடம் கேட்டவள் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லிக்காட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது வண்டியே போகப்போகிறது. அடுப்பை அணைத்தாள்.

"பந்தல் சரியாயிட்டா?"

"ஆகாது."

"ஆயிட்டா என்ன செய்வீங்க, அதைச் சொல்லுங்க."

"அந்த மனுசனுக்கு வார்த்தை குடுத்துட்டேன் சுந்தரி."

"வந்து பாருங்கன்னுதானே சொன்னீங்க. வித்துட்டேன்னு சொல்லலையே. நான் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, நடக்காது என்று தெரிந்த காரியத்துக்குச் சத்தியம் செய்வதுபோல, ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குள் பந்தல் திறந்து மூடினால் விற்கவில்லை என்றார். திறந்தால் மட்டும் போதாது, மூடவும் வேண்டும்.

அன்றைக்கே அவள் வண்டியை எடுக்கச் சொல்லி ஊபியில் ஒரு பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரச் சீனர் ஏணி வைத்து ஏறி, வளையம் இருந்த சின்ன முனைப்பெட்டியின் ரிவெட்டுகளைத் துளைத்தெடுத்து, உள்ளேயிருந்த பல்சக்கரத்தை வெளியே எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்கப் பல் இல்லை. பொக்கை வாய். மலாயில் பாதி, ஆங்கிலத்தில் பாதியாக அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான்: பழைய மாடல், தனியாகச் சக்கரம் விற்பதில்லை, முழு ஆனிங்கையும் மாற்ற வேண்டும், கப்பலில் வர மூன்று மாதம்.

சக்கரத்துக்கு மட்டும் எங்கே போகலாம் என்று அவள் கேட்டாள். எங்கும் போக முடியாது என்றார். அப்படியென்றால் அதை என்னிடம் கொடுங்கள் என்று வாங்கி, கைப்பையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். ரெங்கசாமி வண்டியைத் திருப்பினார்.

மறுநாள் சிராங்கூனில் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கினாள். ரோவல் ரோட்டுப் பக்கம் நெய்னா முகம்மதுவின் ஹார்ட்வேர் கடை. கேண்டீன் காலத்தில் கிரைண்டருக்கு எது போனாலும் அவரிடம்தான் வருவாள். ரிப்பேர்க்காரன் ஒரு வாரம் இழுப்பான், ஆயிரம் பிள்ளைகள் ஒரு வாரம் இட்லி இல்லாமல் இருக்காது. அதனால் பெல்ட் மாற்றுவது, பேரிங் தட்டி எடுப்பது எல்லாம் அவளே கற்றுக்கொண்டாள். கிரைண்டரைக் கழற்றிப்போட்டு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்த பொம்பளையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை என்று நெய்னா வருகிற ஆளிடமெல்லாம் சொல்வார்.

டப்பாவைத் திறந்து சக்கரத்தைக் கல்லாமேசையில் வைத்தாள்.

"இது எந்த கிரைண்டர் சுந்தரிக்கா?"

"கிரைண்டர் இல்ல பாய். வீட்டுக்காரரோட பந்தல்."

கதையைக் கேட்டவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சக்கரத்தின் மையத்தில் வார்த்திருந்த எண்ணைப் படித்தார். நாலு பேருக்குப் போன் போட்டுப் பார்த்தார். மூவர் இல்லை என்றார்கள். நாலாவது ஆள் நசீர். ராமநாதபுரத்துப் பையன், வேன்களை மாற்றிக் கட்டும் ஒரு நிறுவனத்தில் ஸ்டோர் பார்க்கிறான், துவாஸில் தொழிலாளர் விடுதியில் தங்கியிருக்கிறான். நின்றுபோன ஆர்டர் ஒன்றுக்காக வந்திறங்கிய உதிரிகள் ஒரு மூலையில் கிடக்கின்றன, தேடிச் சொல்கிறேன் என்றான்.

நசீர் தேடுகிற இரண்டு நாளும் அவள் சும்மா இருக்கவில்லை. வண்டி நின்றது அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே திறந்த கார்நிறுத்தத்தில், கடைசி இடத்தில். அதன் இடப்பக்கம் புல்தரை. அங்கே ஏணியைப் போட்டு, கிழிந்திருந்த துணி ஓரத்தைத் தடித்த நைலான் நூலால் தைத்தாள். வளைந்த காலைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் அலுமினியக் கம்பியில் ஒன்றை அளந்து வெட்டிப் பொருத்தினாள். நான்காம் மாடி நடைபாதையிலிருந்து ரெங்கசாமி கோப்பையும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை. மேலே ஏறி வந்தவளிடம், துணிக்கம்பியைக் காணோம், சட்டையை எங்கே காயப்போடுவது என்று மட்டும் கேட்டார்.

"உங்க கிரேன்ல தொங்கவிடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் ஏணிமேல் இருந்தபோது வீட்டு போன் அடித்தது. ரெங்கசாமிதான் எடுத்தார். நெய்னா முகம்மது பேசினார். சரக்கு கிடைத்துவிட்டது. தனிச் சக்கரம் இல்லை, முனைப்பெட்டியோடு முழுதாக இருக்கிறது. ஒன்று இடது, ஒன்று வலது. ஒன்றைத்தான் எடுத்துவரச் சம்மதம் கிடைத்திருக்கிறது, உங்களுடையது எந்தப் பக்கம் என்று நசீர் கேட்கிறான்.

ரெங்கசாமி கண்ணை மூடி ஒரு நொடி யோசித்து, சந்தேகமே இல்லாத குரலில், இடது என்றார்.

சுந்தரி வந்ததும் அதைச் சொன்னார். இந்தக் காரியத்தில் அவர் கைவைத்தது அதுதான் முதல் தடவை. சுந்தரிக்கு அன்றைக்கு ரசம்கூட நன்றாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் லிட்டில் இந்தியாவில் நடக்க இடமில்லை. வார விடுமுறைக்கு வந்த தொழிலாளர்கள் சாலையோரம் முழுக்க நின்று போனில் ஊரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நசீர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். சலவை மணக்கும் சட்டை, கையில் பழுப்பு அட்டைப்பெட்டி. சுந்தரி அவனைத் தம்பி என்றாள், அவன் அவளை அம்மா என்றான். பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் உறையோடு பொருளை வெளியே எடுத்தார்கள்.

அவள் அதைக் கையில் வாங்கவேயில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வளையம் அந்தப் பக்கம் இருக்கே."

தன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைப் பக்கத்தில் பிடித்தாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் மாறியிருந்தது. நெய்னா இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நசீர் பதறிப்போனான். இடது என்றுதான் சொன்னார்கள், பெட்டியிலும் இடது என்றே போட்டிருக்கிறது, நான் மாற்றி எடுக்கவில்லை என்றான். உன்மேல் தப்பில்லை தம்பி என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, பந்தல் சுத்துற இடம் எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது. சொன்னேனே."

"எங்க நின்னு பாத்தீங்க?"

"நிக்கல. உக்காந்து பாத்தேன்."

"எங்க உக்காந்து?"

"உள்ளதான். வண்டிக்குள்ள உக்காந்து வெளிய பாத்தா இடது கைப்பக்கம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முப்பத்துநான்கு வருடம் அந்த மனிதருக்கு இடது வலது எல்லாம் கூண்டுக்குள் இருக்கையிலிருந்துதான். கீழே நின்று கிரேனைப் பார்ப்பவர்களைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. பந்தல் விற்பவர்களோ வெளியே எதிரில் நின்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் இடது அவர்களுக்கு வலது.

விஷயத்தைச் சொன்னாள்.

"விடு சுந்தரி," என்றார் அவர். "இதுலயும் நான்தான் கோட்டை விட்டேன். அஞ்சு மணிக்கு அவர் வரட்டும்."

அவள் போனை வைத்தாள். மணி ஒன்றரை.

உறையைப் பிரிக்காமல் கொடுத்தால் நாளைக்கே திருப்பி வைத்துவிட்டு வலதை எடுத்து வைக்கிறேன், அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன் என்றான் நசீர். பிரித்துவிட்டால் மாற்ற முடியாது, இன்னொன்றுக்குச் சம்மதமும் கிடைக்காது. அடுத்த ஞாயிறு வரைக்கும் வண்டி இருக்காது என்று அவள் சொன்னாள். டப்பாவிலிருந்த பொக்கைச் சக்கரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

"பாய், இந்தப் புதுப் பெட்டியை ஒடச்சா உள்ள இதே சக்கரம்தானே இருக்கும்?"

"இடதுக்கு இடதுச் சக்கரம், வலதுக்கு வலதுச் சக்கரம். உள்ளயும் மாத்தித்தான் வெச்சிருப்பான்."

"பாத்திருக்கீங்களா?"

"பாத்ததில்ல. ஆனா அப்படித்தான் இருக்கும்."

"திறக்கும்போது ஒரு பக்கம் சுத்துறோம். மூடும்போது மறுபக்கம் சுத்துறோம். ரெண்டு பக்கமும் ஓடுற சக்கரத்துக்கு இடது என்ன, வலது என்ன? கூடுதான் மாறும். கூடு என்கிட்ட நல்லா இருக்கு."

நெய்னா நசீரைப் பார்த்தார். நசீர் தரையைப் பார்த்தான்.

"ஒருவேளை அக்கா சொல்றது தப்பா இருந்துட்டா, இதுவும் போச்சு, அதுவும் போச்சு," என்றார் நெய்னா.

"சும்மா இருந்தாலும் போகத்தான் போகுது. டிரில்லை எடுங்க பாய்."

அவர் எடுத்தார். ரிவெட்டுகளின் தலை பறந்தது. மூடி வாய் திறந்ததும் உள்ளே மஞ்சள் கிரீஸ் பூசிய திருகுத்தண்டும், அதை அணைத்தபடி ஒரு சக்கரமும். சுந்தரி அதை விரலால் கிளப்பி எடுத்து, பழைய பேப்பரில் துடைத்து, பொக்கைச் சக்கரத்தின்மேல் வைத்தாள். துளைக்குத் துளை, விளிம்புக்கு விளிம்பு உட்கார்ந்தது. மையத்தில் வார்த்த எண்ணும் அதே எண்.

நசீர்தான் முதலில் சிரித்தான். உள்ள ஒண்ணுதான்னு தெரியாம ஸ்டோர்ல ரெண்டு பெட்டிக்கும் நான் ரெண்டு தட்டு ஒதுக்கி வெச்சிருக்கேன்மா என்றான். நெய்னா கண்ணாடியை இறக்கி மறுபடி மாட்டிக்கொண்டு, ரிவெட்டுக்குப் பதிலாகப் போட நான்கு போல்ட்டும் நட்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இதைவிடச் சின்னது தீர்ந்துவிட்டது, இது தாங்கும் என்றார்.

மூன்றரைக்குக் கார்நிறுத்தத்தில் இருந்தாள். மேலே போய் ஆளைக் கூப்பிடவில்லை. ஏணியைப் போட்டு ஏறி, பழைய கூட்டில் புதுச் சக்கரத்தை வைத்து, கிரீஸ் பூசி, மூடியைப் பொருத்தி, நான்கு போல்ட்டையும் முறுக்கினாள். வெயில் முதுகைச் சுட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டு இறங்கி, கம்பியின் கொக்கியை வளையத்தில் மாட்டிச் சுற்றினாள். ஒரு சுற்று. இரண்டு. கையில் கனம் தெரிந்தது. வெறும் சுற்று இல்லை, எதையோ இழுக்கிற சுற்று. பெட்டியின் வாயிலிருந்து துணி ஒரு விரற்கடை வெளியே வந்தது.

முழுவதும் திறந்து கால்களை ஊன்றி நிமிர்ந்தபோது, பக்கத்தில் ரெங்கசாமி நின்றுகொண்டிருந்தார். எப்போது இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. அவருக்குப் பின்னால் நாற்பது வயதுக்காரர் ஒருவர், தலையில் மீன் படம் போட்ட தொப்பி. ஃபாரூக் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"அங்கிள், ஆனிங் ஒடஞ்சிருக்குன்னு சொன்னீங்களே. நல்லாத்தானே இருக்கு."

"இருங்க," என்றார் ரெங்கசாமி. அவளிடம் திரும்பி, மூடு என்று கையால் காட்டினார்.

அவள் எதிர்ப்பக்கம் சுற்றினாள். துணி வழுவழுவென்று உள்ளே போயிற்று. பாதி, முக்கால். இன்னும் ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிட்டது. கொஞ்சம் திறந்து மறுபடி மூடினாள். அதே இடத்தில் நின்றது. இரண்டு கையாலும் பிடித்து அழுத்தப் போனவளை ரெங்கசாமி தடுத்தார்.

"பலம் குடுக்காதே. இதுவும் போயிடும்."

"ஒரு சாண்தானே. கயிறு போட்டுக் கட்டிக்கலாம்."

"கட்டிட்டு எப்படி ஓட்டுறது? திறக்குறது பெருசில்ல சுந்தரி. மூட வேண்டிய நேரத்துல மூடணும். அன்னைக்கு அதைத்தானே நான் செய்யல."

"நீங்க செய்யத்தான் எந்திரிச்சீங்க. பத்து நிமிஷம் கேட்டது நான். ஊரெல்லாம் கண்ணசந்துட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறீங்களே, அதைக் கேக்கக் கேக்க எனக்கு எப்படி இருக்கும்?"

ஃபாரூக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

ரெங்கசாமி குரலை உயர்த்தவில்லை.

"நீ கேட்டது தப்பில்ல. உனக்குக் காத்து தெரியாது. எனக்குத் தெரியும். கீழ கப்பல் கேப்டன் நின்னு கத்துவான், இன்னும் நாலே பெட்டிதான், முடிச்சுட்டுப் போன்னு. காத்து ஏறிச்சுன்னா நான் நிறுத்திடுவேன். ஒருத்தன் பேச்சைக் கேட்டதில்ல. அன்னைக்குத் தெரிஞ்சே உக்காந்தேன். அந்தப் பந்தல் கால் உன் மேல விழுந்திருந்தா? இனிமே என்னை நம்பி உன்னை எப்படிக் கூட்டிக்கிட்டுப் போறது? அதுக்குத்தான் விக்கிறேன்."

இவ்வளவு நாளும் அவர் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் பயந்துபோயிருக்கிறார்.

"அப்ப அடுத்த தடவை நான் கேட்டாலும் மூடுங்க," என்றாள். "நான் கத்துவேன். சண்டை போடுவேன். நீங்க மூடுங்க. கேப்டன் கத்துனப்ப செஞ்சீங்கல்ல, எனக்கும் அதையே செய்யுங்க. வண்டியை எதுக்கு விக்கணும்?"

அவர் நின்றுபோன துணியைப் பார்த்தார். தலையைச் சாய்த்து அந்த வலது முனையைப் பார்த்தார். பிறகு, யாரிடமும் சொல்லாமல், ஏணிமேல் ஏறத் தொடங்கினார். புல்தரையில் ஏணி ஆடியது. ஃபாரூக் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"இங்க கொஞ்சம் திற. போதும். இப்ப மெதுவா மூடு. இன்னும். நிறுத்து." பெட்டிக்குள் காதை வைத்துக் கேட்டார். "உரசுது. துணி சுருளச் சுருள உருளை தடிச்சுக்கிட்டே வருதுல்ல, கடைசியில எதுலயோ இடிக்குது. என்ன போல்ட் போட்டே?"

"பாய் குடுத்தது."

"வால் நீளம். உள்ள நீட்டிக்கிட்டு நிக்குது. ரம்பம் எடு."

இரும்பறுக்கும் ரம்பம் வண்டிக்குள் கருவிப்பெட்டியில் இருந்தது. அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஏணியின் மேல்படியில் அழுத்திப் பிடித்து, வாலை நறுக்கினார். இரும்புத்தூள் ஃபாரூக்கின் சட்டைமேல் உதிர்ந்தது.

"அங்கிள், நான் வண்டி வாங்க வந்தவன். இப்ப வண்டி என் கையை விட்டுப் போறதுக்கு நானே ஏணி புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"ஆடாம புடிங்க," என்றார் ரெங்கசாமி.

நான்காவது போல்ட்டை அவர் முறுக்கி முடித்தபோது சுந்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து அடித்துப் பன்னிரண்டு நிமிடம். மணியைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. அவரும் கடிகாரம் கட்டிய மனிதர்தான், அவரும் திறக்கவில்லை.

கம்பியை அவரே வாங்கிக்கொண்டார். ஏணியிலிருந்து இறங்கி, முழுக்கத் திறந்து, ஒரு நொடி நிறுத்தி, எதிர்ப்பக்கம் சுற்றினார். அவசரமில்லாமல், ஒரே சீராக, பெட்டி இறக்குகிற மாதிரி. பாதி. முக்கால். ஒரு சாண். துணி நிற்காமல் உள்ளே போய், அதன் முன்னோரக் கம்பி பெட்டியின் வாயில் போய்ப் பொருந்தி, டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

"விக்கலங்க," என்றார் ரெங்கசாமி, ஃபாரூக்கைத் திரும்பிப் பார்த்து. "உங்களை இவ்வளவு தூரம் வரவெச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

ஃபாரூக் சட்டையைத் தட்டிக்கொண்டார். ஆன்ட்டி அந்தப் போடு போட்டபோதே தெரிந்துவிட்டது என்றார். ஒரு டீயாவது கிடைக்குமா என்று கேட்டார். மேலே போக வேண்டாம், அடுப்பு இங்கேயே இருக்கிறது என்று சொல்லி சுந்தரி வண்டிக்குள் ஏறினாள். தண்ணீரை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ரெங்கசாமி ஏணியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பந்தலின் மறுமுனையில் சாத்திக்கொண்டிருந்தார்.

"அங்க என்னங்க? அது நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும். காத்துல அடி வாங்கினது ரெண்டு முனையும்தானே. பாத்துட்டா நிம்மதி." ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு ஃபாரூக்கைப் பார்த்தார். "டீ ஆக அஞ்சு நிமிஷம் ஆகும். கொஞ்சம் புடிக்கிறீங்களா?"

ஃபாரூக் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து ஏணியைப் பிடித்தார்.